டியூட்டி கட்டச் சொல்லி மெயில் அனுப்பும் கூரியர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பார்சல்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கூரியர் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

"உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, டியூட்டி கட்டினால்தான் வரும்" என்று நீங்கள் அனுப்பும் மெயிலையும், உங்கள் பெயரைப் போட்டுத் திருடர்கள் அனுப்பும் மெயிலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பல நேரம் திருடனுடையதுதான் லட்சணமாக இருக்கிறது. லோகோ பளிச்சென்று இருக்கும், ஆங்கிலத்தில் பிழை இருக்காது, எங்கே அழுத்த வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கும். உங்களுடைய மெயிலோ தலையும் வாலும் புரியாமல் வந்து சேர்கிறது. போலி மெயிலில் ஏமாறாதீர்கள் என்று இணையதளத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டு, போலியைப் போலவே இருக்கும் மெயிலை நீங்களே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பாஸ்போர்ட் விண்ணப்பம், கரண்ட் பில் என்று எல்லாம் ஓடும். கொஞ்ச காலமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஃபோனைக் கையில் கொடுத்து, "தம்பி, இது நிஜமா ஏமாத்தான்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் நாள் முழுக்க இணையத்திலேயே கிடக்கும் எனக்கே சில மெயில்களைப் பார்த்தவுடன் முடிவு சொல்ல முடியவில்லை. பிறகு, ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

"பணம் கேட்டாலே மோசடி, டெலீட் பண்ணிடு" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுங்கத்துறையிடம் பதிவு செய்துகொண்ட கூரியர் நிறுவனம், பார்சலைப் பெறுபவர் சார்பில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தை மின்னணு முறையில் தாக்கல் செய்கிறது. 2010-ல் வந்த கூரியர் விதிமுறைகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. வரியை நீங்கள் சுங்கத்துறைக்குக் கட்டிவிட்டு, அப்புறம் எங்களிடம் வசூலிக்கிறீர்கள். ஆக, டியூட்டி கேட்டுக் கூரியர் கம்பெனியிடமிருந்து மெயில் வருவது நடைமுறைதான். அதை மோசடி என்று நினைத்துச் சும்மா இருந்தால் பார்சல் கிடங்கில் கிடக்கும், கிடங்கு வாடகை ஏறும், கடைசியில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

பரிசுப் பொருள் விஷயம் இதைவிடக் குழப்பம். முன்பு வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு வரி இல்லை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? மகள் பெட்டியின் மேல் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பியிருப்பாள். அம்மாவோ "பரிசுக்கு ஏது வரி, இவன் திருடன்" என்று முடிவு கட்டிவிடுவார். இந்த விளக்கத்தை ஒரே வாக்கியமாக உங்கள் மெயிலில் சேர்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதுவரை என் கண்ணில் பட்ட எந்த மெயிலிலும் அது இல்லை.

என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் எப்படிப் பார்த்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் மெயில் எந்த இடத்தில் எங்களைக் கைவிடுகிறது என்று அதிலிருந்து புரியும்.

மெயிலைப் படிப்பதற்கு முன்பே கேட்பேன்: ஏதாவது வர வேண்டியிருக்கிறதா, யார் அனுப்பியது, எந்தக் கடையில் வாங்கினீர்கள்? எதுவும் இல்லையென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. இருக்கிறதென்றால், பொருளை அனுப்பியபோது கடைக்காரர் அனுப்பிய மெயிலைத் தேடச் சொல்வேன். ஏர்வே பில் நம்பர், அதாவது பார்சலுக்குக் கூரியர் கொடுக்கும் அடையாள எண், அதில் இருக்கும். மகனோ மகளோ அனுப்பியிருந்தால் அவர்களிடம் ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். டியூட்டி கேட்டு வந்த மெயிலில் உள்ள நம்பரை நான் தொடுவதே இல்லை. வேறு வழியில் கிடைத்த நம்பரை எடுத்துக்கொண்டு, உங்கள் இணைய முகவரியை நானே டைப் செய்து அந்தப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். வரிக்காகக் காத்திருக்கிறது என்று அங்கேயும் சொன்னால் பாதி நம்பலாம்.

நம்பரின் வடிவமும் கொஞ்சம் உதவும். டிஹெச்எல் எக்ஸ்பிரஸ் என்றால் வழக்கமாக 10 இலக்கம், ஃபெடெக்ஸ் என்றால் 12. தபால் வழியாக வரும் பன்னாட்டுப் பார்சலில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது எண், முடிவில் அனுப்பிய நாட்டைக் காட்டும் இரண்டு எழுத்து இருக்கும். வடிவமே பொருந்தாத நம்பரோடு வரும் போலிகளை இப்படிக் கழித்துவிடலாம். பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடவும் கூடாது, அதை யாரும் சுலபமாக உருவாக்கிவிடலாம்.

அடுத்து அனுப்பியவரின் முகவரி. இங்கேதான் ஃபோன் நம்மைக் கவிழ்க்கிறது. கம்ப்யூட்டரில் பெயரும் முகவரியும் சேர்ந்து தெரியும். ஃபோனில் பெயர் மட்டும்தான் தெரியும், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விரலால் தட்டி முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தாலும் அதைப் படிக்கும் முறை நம் பழக்கத்துக்கு நேர்மாறானது. @ குறிக்குப் பின்னால் இருப்பதில் கடைசியாக என்ன இருக்கிறது என்று வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முன்னால் கம்பெனி பெயர் இருந்து, அதற்கப்புறம் டாட் காம் இருந்து, அதற்கும் அப்புறம் வேறு ஏதோ ஒரு பெயரும் டாட் டாப்பும் (.top) இருந்தால், அது அந்தக் கடைசிப் பெயர்க்காரனின் வீடு. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு டீ நேரம் ஆகிறது. மறுவாரம் அதே ஆள் வந்து அதையேதான் கேட்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டிஹெச்எல் தன் எச்சரிக்கைப் பக்கத்தில் எந்தெந்த முகவரிகளிலிருந்து தன் மெயில் வரும் என்று சொல்லியிருக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும், பலர் அந்த அளவுகூடச் சொல்வதில்லை. ஆனால் பட்டியலைப் பாருங்கள். டிஹெச்எல் டாட் காம், டிபிடிஹெச்எல் டாட் காம், டாட் டிஈ, டாட் எஃப்ஆர், அதுபோக டிஹெச்எல் என்பதற்குப் பின்னால் ஏதாவது ஒரு நாட்டின் குறியீடு. தகவல் சரியானதுதான். டிபிடிஹெச்எல் அசலா, டிஹெச்எல்-பே போலியா என்று இதை வைத்து ஒரு சாதாரண ஆள் எப்படித் தீர்மானிப்பார்? கடைசியில் என்னைப் போல ஒருவனிடம்தான் ஃபோனைக் கொடுப்பார்.

முகவரி சரியாகவே இருந்தாலும் நான் அடுத்துக் கேட்பது பில் ஆஃப் என்ட்ரியின் நகல். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சோதனை இல்லை. என்ன பொருள், யார் அனுப்பியது, மதிப்பு எவ்வளவு, எந்த மாற்று விகிதத்தில் ரூபாயாக்கினார்கள், அடிப்படைச் சுங்க வரி எவ்வளவு, அதன்மேல் சமூக நல மிகுவரி எவ்வளவு, இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் வாங்கியது என்ன, எத்தனை டாலருக்கு வாங்கினீர்கள் என்பது திருடனுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே அவன் மெயிலில் வெறுமனே 'உங்கள் பார்சல்' என்றுதான் இருக்கும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 20 சதவீதம் என்றால் 2,000. மிகுவரி அந்த 2,000-த்தில் பத்தில் ஒரு பங்கு, 200. இப்போது மொத்தம் 12,200. அதன்மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 2,196. கட்ட வேண்டியது 4,396. விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட்டும் மாறும். ஆனால் கணக்கின் வரிசை இதுதான். உண்மையான டியூட்டி பெரும்பாலும் இப்படி ஒழுங்கற்ற எண்ணாகத்தான் வரும். 49 ரூபாய், 99 ரூபாய் என்று கேட்கும் மெயிலுக்கு அந்த 99 ரூபாய் முக்கியமில்லை, உங்கள் கார்டு நம்பர்தான் வேண்டும். 'சின்னத் தொகைதானே, போனால் போகட்டும்' என்று நாம் யோசிக்காமல் கட்டுவோம் என்பது அவனுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கோடு உங்கள் சேவைக் கட்டணமும் வந்து நிற்கும். வரியை எங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டணம் வாங்குவதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் டியூட்டி குறைவாக இருக்கும் பார்சலில் உங்கள் கட்டணம் அதைவிடப் பெரிதாகத் தெரியும்போது, உண்மையான பில்லே மோசடி மாதிரி நாறுகிறது. அதைத் தனியாக, என்ன கட்டணம், ஏன் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இனி உங்களால் ஏற்பட்ட இரண்டு கதைகள். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

எங்கள் தெருவில் பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், டெலிஃபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியிலிருந்து இரண்டு வால்வு வரவழைத்தார். மெயில் வந்தது. தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, அதில் 'மிக அவசரம்'. அனுப்பியவர் பெயர் யாரோ ஒரு தனி ஆளுடையது. முகவரியில் கம்பெனி பெயரே இல்லை, கிளியரன்ஸ் வேலையை வெளியில் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆதார், பான் இரண்டின் நகலையும் பதில் மெயிலில் அனுப்பு என்றது. பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு நம்பர் மெயிலின் அடியில். இதைவிடச் சந்தேகப்படும்படி ஒரு மெயிலைத் திருடன்கூட எழுத மாட்டான். அவருடைய மகன் பார்த்துவிட்டு "அப்பா, இது ஃப்ராடு" என்று அழித்துவிட்டார். வால்வு ஜெர்மனிக்கே திரும்பிப் போனது. மெயில் அசல்.

இன்னொருவர் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. எம்பிராய்டரி மெஷினுக்கு ஒரு உதிரி பாகம் வரவழைத்தபோது அசல் மெயில் வந்தது, அதிலிருந்த லிங்க்கை அழுத்திப் பணம் கட்டினார், பாகமும் வந்து சேர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததால், மெயில் வரும், லிங்க்கை அழுத்தினால் வேலை நடக்கும் என்று பழகிக்கொண்டார். பிறகு அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்த சமயத்தில் அதே நிறம், அதே லோகோவில் இன்னொரு மெயில் வந்தது, முகவரியை உறுதி செய்யச் சின்னத் தொகை கேட்டு. அழுத்தினார். கார்டு நம்பரைக் கொடுத்தார். பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே கார்டிலிருந்து பணம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. கணக்கில் பணம் குறைந்த எஸ்எம்எஸ் வந்த பிறகுதான் கடைக்கு ஓடி வந்தார். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு ஃபோன் போட்டோம், கார்டை முடக்கினோம், சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்தோம். அவரை ஏமாற்றியது திருடன்தான். அந்த லிங்க்கை அழுத்தப் பழக்கியது உங்கள் அசல் மெயில்.

உங்களில் பலருடைய இணையதளத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: நீங்கள் கேட்காமலே வந்து பணமோ தனிப்பட்ட விவரமோ கேட்கும் மெயிலை நம்பாதீர்கள், நாங்கள் அப்படிக் கேட்பதில்லை என்கிற பொருளில். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் இல்லை, பொருளை அனுப்பிய கடைக்காரர். ஒப்பந்தம் அவருக்கும் உங்களுக்கும். பெறுபவருக்கு உங்கள் மெயில் எப்போதுமே கேட்காமல் வருவதுதான். அந்த எச்சரிக்கையை அப்படியே கடைப்பிடித்தால் உங்கள் அசல் மெயிலைத்தான் முதலில் குப்பையில் போட வேண்டும்.

சுங்கத்துறையின் அறிவுரையிலும் இதே இடைவெளி இருக்கிறது. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். நல்ல ஏற்பாடு. சுங்க அதிகாரிகள் தனியார் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்றும் வாரியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 'லண்டன் நண்பர் நகை அனுப்பினார், டெல்லி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் பிடித்துவிட்டது, இந்தக் கணக்கில் பணம் போடு' என்கிற பழைய ஏமாற்றை இது நன்றாகவே உடைக்கிறது. ஆனால் டியூட்டி மெயிலை அனுப்புவது அதிகாரி இல்லை, நீங்கள். உங்கள் மெயிலுக்கு டிஐஎன் கிடையாது. டிஐஎன் இல்லை, ஆகவே போலி என்று ஒருவர் நினைத்தால் அவரைத் திருத்தவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது.

மற்ற துறைகளில் இந்த வேலை நடந்திருக்கிறது. இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. அப்படி முடியும் முகவரியை வங்கியைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. பங்குத் தரகர்களுக்குப் பணம் அனுப்புவதற்கென்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தனி யுபிஐ அடையாளம் கொண்டுவந்தது. எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியது. எஸ்எம்எஸ்ஸின் கதவை இப்படி இறுக்கினால் திருடன் வேறு கதவைத் தேடுவான், மெயிலும் வாட்ஸ்அப்பும் திறந்தேதான் கிடக்கின்றன. இந்தியா போஸ்ட் பெயரில், 'பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்து' என்று வந்த செய்திகள் நினைவிருக்கும், அவை போலி என்று மத்திய அரசின் செய்தி அமைப்பான பிஐபியின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. அவற்றில் பல ஐஃபோன்களுக்கு, எஸ்எம்எஸ்ஸாக இல்லாமல், இணையம் வழியே போகும் ஐமெசேஜ் வழியாகவே வந்தன.

தபால்துறையைச் சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தபால் வழியாக வரும் வெளிநாட்டுப் பார்சலுக்குச் சென்னையில் உள்ளதைப் போன்ற அயல்நாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்துறை வரி போடும். அதைப் பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரர் வசூலித்துக்கொள்வார். கையில் பார்சல், கையில் பணம், கையில் ரசீது. மெதுவாக வருகிறது என்று நாம் திட்டுகிறோம், ஆனால் இதில் லிங்க் எதுவும் இல்லை. இன்னொன்று. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை நிறுத்தியபோது, இந்தியா போஸ்ட் அங்கே பார்சல் அனுப்புவதையே பெரும்பாலும் நிறுத்திவைத்தது. அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கியபோது, அந்த நாட்டு வரியை இங்கே புக் செய்யும்போதே வாங்கிக்கொள்ளும் முறையோடு தொடங்கியது. பருப்புப் பொடி அனுப்பும் அம்மா இங்கேயே கட்டிவிடுகிறார், அங்கே இருக்கும் மகளுக்கு வரி கேட்டு மெயில் போக வேண்டிய தேவையே இல்லை. போனால் அது போலி என்று அவள் யோசிக்காமல் முடிவு செய்யலாம். இந்தியாவுக்கு வரும் பார்சலிலும், வாங்கும்போதே டியூட்டியைச் சேர்த்து வாங்கிக்கொள்ளும் பெரிய கடைகள் இருக்கின்றன. மற்ற கடைகளையும் அந்தப் பக்கம் தள்ள உங்களால் முடியும், அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள்தானே.

அதுவரைக்கும் நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். எதுவும் பெரிய செலவு இல்லை.

பணம் கட்டும் லிங்க்கை மெயிலில் வைக்காதீர்கள். 'எங்கள் தளத்துக்குப் போய், உங்களுக்குக் கடைக்காரர் கொடுத்த ஏர்வே பில் நம்பரைப் போடுங்கள், கட்ட வேண்டிய தொகை அங்கே தெரியும்' என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் தொழில்நுட்பக் குழு இதை எதிர்க்கும் என்று தெரியும். லிங்க் இல்லையென்றால் பணம் தாமதமாக வரும், கிடங்கில் பார்சல் தேங்கும் என்பார்கள். சில பேர் கட்டாமலேகூட விடலாம். ஆனால் 'எங்கள் மெயிலில் லிங்க் இருக்கவே இருக்காது' என்று நீங்கள் அறிவித்துவிட்டால், லிங்க்கோடு வரும் ஒவ்வொரு மெயிலும் போலி என்று என் கடைக்கு வராமலே அந்த அக்காவால் சொல்ல முடியும். இத்தனை எச்சரிக்கைப் பக்கங்களால் ஆகாதது இந்த ஒன்றால் ஆகும்.

மெயிலில் எங்கள் பொருளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். அனுப்பிய கடையின் பெயர், பொருளின் பெயர், பில்லில் உள்ள மதிப்பு. 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்குவதை விடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியை நாங்கள் கெஞ்சிக் கேட்காமலே டிராக்கிங் பக்கத்தில் வையுங்கள்.

எல்லா டியூட்டி மெயிலையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்புங்கள். கிளியரன்ஸ் வேலையை வெளியில் கொடுத்திருந்தாலும் மெயில் உங்கள் முகவரியிலிருந்தே போகட்டும். ஜிமெயிலில் சரிபார்த்த நிறுவனத்தின் பெயர் பக்கத்தில் நீல டிக் காட்டும் வசதி 2023-லிருந்து இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். நீல டிக் எங்கள் மக்களுக்குப் புரியும். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் தெரியும் பெயர் உங்கள் கம்பெனியின் பெயராகவே இருக்கட்டும், பணப் பரிமாற்றம் செய்துதரும் ஏதோ ஓர் இடைக் கம்பெனியின் பெயராக இருந்தால் நாங்கள் பின்வாங்கத்தான் செய்வோம்.

அப்புறம் கேஒய்சி. பெறுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி, அதை மறுக்கவில்லை. ஆதார் நகலைப் பதில் மெயிலில் கேட்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, ஆதார் நம்பர் இதுதானே என்று மிரட்டி, வீடியோ காலில் உட்காரவைத்துப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரஸ்ட்' கும்பல்கள் கூரியர் கம்பெனிகளின் பெயரைச் சொல்லித்தான் பல நேரம் பேச்சைத் தொடங்குகின்றன. இந்த மோசடியைப் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் போன பிறகும், முழு ஆதாரை மெயிலில் அனுப்பு என்று ஒரு கூரியர் கம்பெனி எழுதுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. என் கடையில் நகல் எடுப்பவர்களிடம், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்து, அதன் குறுக்கே 'இந்த ஏர்வே பில்லுக்கு மட்டும்' என்று நம்பரையும் தேதியையும் எழுதச் சொல்கிறேன். இதை உங்கள் மெயிலே சொல்லலாம், பதிவேற்றுவதை உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

கெடு வைப்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். '24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை' என்பது திருடனின் வாசகம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவுப்படி, சரக்கு இறங்கி 30 நாளுக்குள் எடுக்கப்படாவிட்டால்தான், அதுவும் அறிவிப்புக் கொடுத்த பிறகுதான், விற்கும் பேச்சே வருகிறது. உங்கள் கிடங்கு வாடகை அதற்கு முன்பே தொடங்கும் என்றால், எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். எண்ணைச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள், கணக்குப் பார்த்துக் கட்டுவார்கள்.

சுங்க வாரியத்தில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவு பெற்ற கூரியர் நிறுவனம் ஒவ்வொன்றும் எந்த முகவரியிலிருந்து மெயில் அனுப்பும், எந்தப் பெயரில் பணம் வாங்கும் என்பதை உங்கள் தளத்தில் ஒரே பக்கத்தில், தமிழ் உட்பட எல்லா மொழியிலும் போடுங்கள். பதிவைப் புதுப்பிக்க வரும்போது இந்த விவரத்தையும் கட்டாயம் கேளுங்கள். அந்த ஒரு பக்கத்தை அச்சடித்து என் கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

மறுபடி கூரியர் நிறுவனங்களுக்கு. உங்கள் உதவி எண்ணில் கூப்பிட்டால் ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து என்கிறது. அதைத் தாண்டிப் போனால் ஏர்வே பில் நம்பரைச் சொல்லச் சொல்லும் இயந்திரம், அதையும் தாண்டினால் இசை. 'என் பெயருக்கு டியூட்டி கேட்டு ஒரு மெயில் வந்திருக்கிறது, அது நீங்கள் அனுப்பியதா' என்ற ஒரே கேள்விக்கு, தமிழில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குத் தனி எண் இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு எண் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை மெயிலில் போடாதீர்கள், மெயிலில் இருக்கும் எண்ணைத் திருடனும் மாற்றிப் போடுவான். பார்சல் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் அச்சடியுங்கள், உங்கள் ஊர்க் கிளைகளின் வாசலில் எழுதி வையுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது, முடியாததற்கு என்ன காரணம் என்று உங்கள் தளத்தில் பதில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கவில்லை. முதலில் அந்த லிங்க்கை எடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பிரவுசிங் சென்டர்காரன்